ஒரு வீட்டில் இரண்டு இனம்

போன மாரியில் கணக்கெடுக்க ஒரு பிள்ளை வந்தாள். நாடு முழுக்க வீடு வீடாகச் சனத்தை எண்ணினார்களே, அந்தக் கணக்கு. மழை விட்டு இரண்டு நாள். முற்றத்துச் சேறு காயவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு சாக்கை எடுத்துப் போட்டேன்.

என் கையெல்லாம் மா. விடியக் கடைக்குக் கொடுக்கும் இடியப்பம் அவித்து முடித்து, தட்டுகளைக் கழுவத் தொடங்கியிருந்தேன். மகன் ரவி வீட்டில் நின்றான். மேசன் வேலை, மாரியில் வேலை குறைவு. மகள் நிரோஜா மருந்துக்கடைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு நின்றாள். அங்கேதான் வேலை செய்கிறாள். அவளுக்குப் புத்தூரில் கலியாணம் பேசி, தையில் நாள் வைப்பதாக இருந்தது.

அந்தப் பிள்ளையின் கையில் சிலேட்டு மாதிரி ஒரு பெரிய போன். விரலால் தட்டித் தட்டிக் கேட்டாள். எத்தனை அறை. கூரை ஓடா, சீற்றா. கிணறு சொந்தமா, பங்கா. எல்லாவற்றுக்கும் ரவிதான் மறுமொழி சொன்னான்.

பிறகு ஆட்களைப் பற்றி. பேர், வயது, படிப்பு.

"அம்மா எத்தினையாம் வகுப்பு?"

"பள்ளிக்கூடம் போகேல்லை. ஆனால் பேப்பர் ஒரு வரி விடாமல் வாசிப்பா. பிறகு எங்களுக்கு அரசியல் சொல்லுவா."

பிள்ளை சிரித்தாள். "இனம்?"

"எல்லாரும் இலங்கைத் தமிழர்தான். அடியுங்கோ."

அவள் அடிக்கவில்லை. "பெரியாக்களை அவையைத்தான் கேக்கச் சொல்லியிருக்கு அண்ணை," என்றாள். என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா."

நான் சொல்லப்போகிற சொல்லில் நிரோஜாவின் கலியாணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது எப்படி என்று சொல்லப் பின்னுக்குப் போகவேண்டும்.

லொறியில் வந்தது

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில் இல்லை. இத்தனை கிழமையாக பேப்பரில் இந்தப் பக்கத்தில் எழுதியும் அதை எழுதவில்லை. திருநெல்வேலியில் ஒரு வாத்தியார் வீட்டில் வளர்ந்தேன் என்று மட்டும் எழுதினேன். அது பொய் இல்லை. முழுக்கவும் இல்லை.

பிறந்தது மலையில். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு அறை. அப்பா பேர் மாடசாமி. அம்மா கொழுந்து எடுப்பவர். எனக்கு வைத்த பேர் மாரியாயி. விடிய எழும்பி மூச்சு விட்டால் வாயில் புகை வரும். அது குளிர் என்று தெரியாது. எல்லா ஊரிலும் வாயில் புகை வரும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு காலம் தோட்டத்தில் சாப்பாடு இல்லாமல் போனது. கூப்பன் மாவைக் குறைத்தார்கள். பிறகு அதுவும் ஒழுங்காக வரவில்லை. பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் இருந்து மரக்கறி கொண்டு வரும் லொறிகள், திரும்பிப் போகும்போது பிள்ளைகளை ஏற்றிப் போகும். வீட்டு வேலைக்கு. அங்கே போனால் சோறாவது கிடைக்கும் என்று தாய் தகப்பனே ஏற்றி விட்டார்கள். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அதையும் சொல்லவேண்டும்.

எனக்கு எட்டு வயது இருக்கும். லொறிக்குள் வெங்காயச் சாக்கு மணம். இறங்கினால் வெயில் கண்ணுக்குள் குத்தியது. மலை ஒன்றையும் காணவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம் தரைமட்டும் இறங்கி நின்றது. சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது.

வாத்தியாரின் மனைவி என் பேரைக் கேட்டார். சொன்னேன்.

"உது எங்களுக்கு வாய்க்குள்ளை நுழையாது. மலர் எண்டு கூப்பிடுவம்."

அன்றைக்கே மலர் ஆனேன்.

கெட்ட வீடு இல்லை. அடித்ததில்லை. சோறு தந்தார்கள். கடைசிப் பெண்பிள்ளை பாடம் எழுதும்போது பக்கத்தில் இருந்து எழுத்துப் பழகினேன். கடலை சுற்றி வந்த கடதாசியையும் வாசிக்காமல் எறியமாட்டேன்.

முதலில் நான் "ஆமா" என்று சொன்னால் அந்த வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் "ஓம்" வந்துவிட்டது. ஒரு வருடத்தில் நான் கதைப்பதைக் கேட்டு என்னைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. ஆனால் பக்கத்து வீட்டாரோடு வேலிச் சண்டை வந்தால், "தோட்டக்காட்டாள்" என்று வேலிக்கு மேலால் வரும். அவர்கள் கதைத்த தமிழைத்தான் நானும் கதைத்தேன். அவர்கள் போன அம்மன் கோயிலுக்குத்தான் நானும் போனேன். என்ன வித்தியாசம் என்று நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். சின்ன வயது. கண்ணாடியில் தெரியும் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை

அப்பா ஒரே ஒரு தடவை வந்தார். எனக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ. தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டுக்கும் கடதாசி வந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறவேண்டும். என்னைக் கூட்டிப் போக வந்தார்.

அந்த நேரம் வீட்டு அம்மா நெருப்புக் காய்ச்சலில் கிடந்தார். சமைக்க ஆள் இல்லை.

"இரண்டு கிழமை பொறு மாடசாமி," என்றார் வாத்தியார். "நானே தலைமன்னாருக்குக் கொண்டு வந்து விடுறன்."

அப்பா தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். கிணற்றடியில் நின்று என் தலையைத் தொட்டார். "வந்துரு தாயி," என்றார்.

கப்பல் இரண்டு கிழமை நிற்கவில்லை.

இந்தியாவில் எந்த ஊருக்குப் போனார்கள் என்று தெரியாது. கடிதம் வரவில்லை. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு வாத்தியார் என்னை ஒரு நாளும் ஏசவில்லை. நேரே பார்க்கவும் இல்லை.

வாத்தியார் நிரப்பிய கடதாசி

வளர்ந்த பிறகு அடையாள அட்டை எடுக்கவேண்டி வந்தது. தெருவில் மறிக்கிற காலம் தொடங்கிவிட்டது. என்னிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. தோட்டத்துச் சனத்துக்குப் பிரசாவுரிமையும் இல்லை. உத்தேச வயதுப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. பிறப்பைப் பதியாதவர்களுக்குக் கொடுப்பது. வாத்தியார் அதற்கான விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பினார். நான் மேசைக்கு முன்னால் நின்றேன்.

பிறந்த இடம் திருநெல்வேலி என்று எழுதினார். தகப்பன் பேர் மாணிக்கம் என்று எழுதினார். இனம் என்ற இடத்தில் இலங்கைத் தமிழர் என்று எழுதினார்.

"ஐயா, அப்பா பேர் மாடசாமி."

"தெரியும் பிள்ளை. உள்ளதை எழுதினால் நீ எந்த நாட்டு ஆளும் இல்லை. நாளைக்கு உன்னைப் பிடிச்சுக் கடலுக்கு அங்காலை ஏத்திவிட்டாலும் கேக்க ஆளில்லை. அங்கை போய் உன்ரை அப்பாவை எங்கையெண்டு தேடுறது?"

அவர் சொன்னது சரி. பிறகு வந்த காலங்களில் அந்தக் கடதாசியால்தான் நான் தப்பினேன். மா. மலர் என்று கையெழுத்து வைத்தேன். முதல் எழுத்தாவது மிஞ்சட்டும் என்று நினைத்துத்தான் மாணிக்கம் என்று தெரிந்தெடுத்தாரோ என்னவோ. கேட்கவில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.

மனுசன்

என் மனுசன் அரியாலை ஊரவர். அவரும் மேசன். வாத்தியார் வீட்டு மதில் கட்ட வந்தவர். கலியாணத்துக்கு முன்னமே அவருக்குச் சொன்னேன். நான் தோட்டத்து ஆள், கடதாசியில் இருப்பது பொய் என்று.

அவர் கரண்டியில் ஒட்டியிருந்த சீமெந்தை வழித்துக்கொண்டு நின்றார். "மதில் நிண்டால் சரி. கல்லு எந்த ஊரெண்டு ஆர் கேக்கிறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் எங்கடை வீட்டிலை சொல்லாதை. பிறக்கிற பிள்ளையளுக்கும் சொல்லாதை," என்றார்.

ஓம் என்றேன்.

தாய் தகப்பன் இல்லாதவளைக் கட்டினான் என்பதற்கே அவருடைய தாயார் எங்களோடு கதைக்காமல் விட்டார். மிச்சமும் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ.

சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க வெளிக்கிட்ட அந்த மழை நாளில் நாவற்குழிப் பாலத்தில் இரவு பகலாக நெரிபட்டு நின்றோம். ரவி என் இடுப்பில். எங்கள் மூட்டை கட்டிய சைக்கிளை முன்பின் தெரியாத ஒருவர் பாலம் முடியுமட்டும் தள்ளித் தந்தார். யாருடைய ஆள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி ஊருக்கு வந்த பிறகு சுற்றிவளைப்பு நடக்கும். ஆமிக்காரன் எல்லாரையும் பள்ளிக்கூட வளவில் ஒரே வரிசையில் இருத்துவான். அவனுக்குத் தமிழர் என்றால் தமிழர். இலங்கைத் தமிழர், தோட்டத்துத் தமிழர் என்று இரண்டு வரிசை வைக்க அவனுக்குத் தெரியாது. அந்த வெயிலுக்குள் இருக்கும்போது மட்டும் நான் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. சொல்லக் கூடாத கதைதான். ஆனால் அப்படித்தான் இருந்தது.

இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். கம்பசில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் வந்து நின்று கதைத்தார்கள். மலைப் பக்கத்துப் பிள்ளைகள். "ஆமா, நீ போ, நா வாங்கிட்டு வர்றேன்," என்றாள் ஒருத்தி. நான் தெரிந்த கத்தரிக்காயைத் திரும்பப் போட்டுத் திரும்பத் தெரிந்தேன். அவர்கள் போகுமட்டும் நின்றேன். அவர்களோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு கிலோ கத்தரிக்காய்.

"ஆருக்கம்மா இவ்வளவு? கோயில் அன்னதானமோ?" என்று ரவி கேட்டான்.

மலிவு என்று சொன்னேன்.

மனுசன் செத்துப் பத்து வருடம். அவருக்குச் சொன்ன சொல்லை அவர் சாகும்வரைக்கும் காப்பாற்றினேன். அதற்குப் பிறகும் காப்பாற்றினேன்.

மறுமொழி

அந்தப் பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

என் பேரை வேறு ஆள் வைத்தார். என் தகப்பனை வேறு ஆள் எழுதினார். எதைச் சொல்லக்கூடாது என்பதையும் வேறு ஆள்தான் சொன்னார். என்னிடம் கேட்டது இவள்தான் முதல். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

"என்னென்ன கிடக்குப் பிள்ளை அதிலை?"

வாசித்தாள். நடுவில் மலையகத் தமிழர் என்று வந்தது.

"அதைப் போடு."

"எதை அம்மா?"

"மலையகம்."

ரவி சிரித்தான். "அம்மா பகிடி விடுறா தங்கச்சி." பிறகு என்னைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. நிரோஜா தலை பின்னிக்கொண்டு நின்றாள். பின்னலைப் பிடித்த கை அப்படியே நின்றது.

பிள்ளை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம்கூட வரவில்லை.

அவள் போன பிறகு இரண்டு பேருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிடம் எடுக்கவில்லை. ஐம்பது வருடக் கதை, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"இப்ப ஆர் உங்களைக் கேட்டது?" என்றான் ரவி.

"அந்தப் பிள்ளை கேட்டது."

"ஐயோ அம்மா!"

நிரோஜா சத்தம் போடவில்லை. "ஒரு மாதம் பொறுத்திருக்கலாம் நீங்கள்," என்றாள். "தைவரைக்கும்."

அவள் சொன்னது சரி. அவ்வளவு காலம் பொறுத்தவளுக்கு ஒரு மாதம் பெரிய காரியம் இல்லை.

"அந்தப் பிள்ளை வெளியிலை கதைக்காது. கதைக்கக்கூடாதெண்டு அவைக்குச் சட்டம்," என்றான் ரவி. "நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் சரி."

"பிறகு? நான் புத்தூரிலை போய் இருந்து காலம் முழுக்கப் பொத்திக்கொண்டு இருக்கிறதோ? அம்மா இருந்தமாதிரி?"

அன்று பின்னேரமே அவள் புத்தூருக்குப் போன் எடுத்தாள். மாப்பிள்ளையின் தாய் தவமணிக்கு. நான் அடுப்படியில் இருந்து கேட்டேன். "ஓம் மாமி. அம்மா மலையகம். இல்லை மாமி, எங்களுக்கும் இண்டைக்குத்தான் தெரியும். ஓம். ஓம்."

சோடா

ஞாயிற்றுக்கிழமை தவமணி தனியாகப் பஸ்சில் வந்தார். வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பம். நகக்கண்ணில் செம்மண் நிற்கும். கதைத்தால் பக்கத்து வளவுக்கும் கேட்கும். எனக்கு முதல் நாளே பிடித்த மனுசி.

அவர் வருகிறார் என்று தெரிந்ததும் ரவி சந்திக் கடைக்கு ஓடிப் போய் நாலு போத்தல் சோடா வாங்கி வந்தான். அவர் கதிரையில் இருந்ததும் இராததுமாக, அவருக்கு முன்னாலேயே மூடியை உடைத்து நீட்டினான்.

யாழ்ப்பாணத்தில் சோடாவுக்கு ஒரு வேலை இருந்தது. சில வீடுகளில் சில ஆட்கள் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். ஆனால் செத்தவீடு, கலியாணவீடு என்றால் போகாமல் இருக்கவும் முடியாது. அப்படி வந்தவர்களுக்கு அந்த வீட்டார் சோடா வாங்கி, கண்ணுக்கு முன்னால் உடைத்துக் கொடுப்பார்கள். இது எங்கள் கை பட்டது இல்லை, குடிக்கலாம் என்று காட்டுவது. இப்போது குறைவு. ஆனால் அறியாத ஆள் இல்லை.

ரவி மரியாதைக்கு என்று நினைத்துத்தான் செய்தான். எங்கள் வீட்டில் நீங்கள் குடிக்கமாட்டீர்கள் என்று தவமணி சொல்லும் முன், தானே சொல்லிவிட்டான். அது அவனுக்கு விளங்கவில்லை. நிரோஜாவுக்கு விளங்கிவிட்டது. தமையனைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

என்னுடைய வீடு. என்னுடைய அடுப்பு. என்னுடைய மகன் அதற்குள் சோடா கொண்டு வந்து உடைக்கிறான். நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தவமணி போத்தலைப் பார்த்தார். "தம்பி, உதைக் குடிச்சால் எனக்கு ஏவறை வந்து நெஞ்சுக்குள்ளை நிண்டிடும். பிறகு நான் பஸ்சிலை போறதோ, உருண்டு போறதோ?" என்றார். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஏன் அக்கா, ஒரு தேத்தண்ணி போடமாட்டியளோ?"

போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன். என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முழுக்கக் குடித்தார். அடியில் கிடந்த சீனியையும் ஆட்டிக் குடித்தார். ரவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காரியம் சரி என்று நினைத்தேன்.

தவமணி கப்பைக் கீழே வைத்தார். "அக்கா, நான் குடிப்பன். என்ரை மனுசன்ரை ஆக்கள் குடிக்கமாட்டினம். அவையின்ரை வாயை எனக்குத் தெரியும். முப்பது வருசமா அதுக்குள்ளைதானே கிடக்கிறன். பிள்ளையைக் கொண்டுபோய் அதுக்குள்ளை விட எனக்கு மனமில்லை."

நல்ல மனதோடுதான் சொன்னார். கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் கோபிக்கலாம். அதற்கும் வழி இல்லை.

நிரோஜா கேட்டாள். "உங்கடை மகன் என்ன சொல்லுறார் மாமி?"

"அவனோ? அவன் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை."

"இவ்வளவு நாளிலும்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப ஏன் மாமாவின்ரை ஆக்களைச் சொல்லுறியள்?"

தவமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எழும்பினார். ரவி பஸ்சுக்குக் கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்து, உடைத்த சோடாவை முற்றத்தில் ஊற்றினான். கன நேரம் நுரைத்தது.

திருத்த வந்தவர்

நிரோஜா என்னோடு கதைக்கவில்லை. சாப்பிட்டாள். வேலைக்குப் போனாள். வந்தாள். நானும் போய்க் கதைக்கவில்லை. என்ன சொல்லிக் கதைப்பது. கலியாணம் போனது அவளுக்கு. எனக்கு இல்லை.

பத்து நாள் கழித்து, ஒரு பின்னேரம், மோட்டார்சைக்கிளில் ஒருவர் வந்தார். கணக்கெடுத்த வீடுகளைத் திரும்பச் சரிபார்க்கிற ஆள். வாசலில் நின்றபடியே போனைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு வீட்டிலை இரண்டு இனம் விழுந்திருக்கு அம்மா. எங்கடை பிள்ளை மாறித் தட்டிட்டுதோ தெரியேல்லை. திருத்திறதெண்டால் இப்ப திருத்தலாம். ஒரு நிமிசம்தான்."

திருத்தச் சொல்லவா என்று ஒரு கணம் யோசித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நிரோஜா அப்போதுதான் வேலையால் வந்திருந்தாள். கைப்பை தோளில். என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

"மாறேல்லை. அம்மா மலையகம்தான். அப்பிடியே கிடக்கட்டும்."

"சரி. அப்ப நீங்கள்? உங்களுக்கும் உள்ளதுதானோ?"

"எனக்கு இரண்டையும் போடேலுமோ?"

அவர் போனைப் பார்த்தார். "ஒண்டுதான் தங்கச்சி விடும்."

அவள் யோசித்தாள்.

"அப்ப முந்திப் போட்டதே இருக்கட்டும்," என்றாள். "அப்பாவும் பாவம்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நிரோஜா உள்ளே வந்தாள். கைப்பையை மேசையில் வைத்தாள்.

"உங்களைத் திருத்த விடேல்லை எண்டதுக்காக எனக்குக் கோபம் ஆறிட்டுது எண்டு நினையாதேங்கோ."

"ஓம்," என்றேன்.

அந்தப் பத்து நாளில் அவள் என்னோடு கதைத்த முதல் வசனம் அது.